உத்தியோகப் பிரவேசமும் வைத்தியப் பரிசோதனையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேச நாம் எடுத்துக்கொண்டது பெரிய தத்துவ விஷயமன்று. பரீக்ஷையில் தேறி, நேர்முக விசாரணையிலும் வென்ற நம் பிள்ளைகளுக்கு, வேலையில் அமருமுன் ஒரு கடிதம் வருகிறது. இன்ன நாளில் வைத்தியப் பரிசோதனைக்கு வரவேண்டுமென்பது அதன் வாசகம். தேகத்தில் யாதொரு குறையுமில்லாத பிள்ளை அதைப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். சிறுவயது முதல் ஒரு வியாதியோடு வாழ்ந்துவரும் பிள்ளையின் வீட்டிலோ அன்றிரவு ஒருவரும் உறங்குவதில்லை. "வாயைத் திறவாதே, எப்படியாவது மறைத்துவிடு" என்று பெரியவர்கள் காதோடு காதாகப் போதிக்கின்றனர். அப்படிப் போதித்தவர்களில் நாமும் ஒருவர். அதன் பலனைக் கண்டபின்பே இங்கு பேச வந்தோம்.

நம் உறவில் ஒரு பெண், வயது இருபத்திரண்டு. பதினோராம் வயதில் அவளுக்கு முதல் வகை நீரிழிவு கண்டது. இது வயது முதிர்ந்தோருக்குப் பெரும்பாலும் வரும் நீரிழிவு போன்றதன்று. கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய அறவே நிறுத்திவிடுகிறது. ஆகையால் நாள்தோறும் அதை ஊசி மூலம் செலுத்தியாக வேண்டும். 1921-ஆம் ஆண்டில் கனடாவின் டொரொண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இவ்வியாதி கண்ட குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. நம் பெண்ணோ பட்டம் பெற்று, கணக்கு வேலைக்குத் தேர்வும் ஆனாள். இடையில் தைராய்டுச் சுரப்பியின் குறைவும் சேர்ந்துகொண்டது. இவ்விரண்டும் கூடி வருவது அபூர்வமன்று. தேகத்தைக் காக்கவேண்டிய சக்தியே தேகத்தின் சுரப்பிகளைத் தாக்குவதால் விளைவன அவை.

பரிசோதனைக்கு முந்திய இரவு நாம் சொன்ன யோசனை இதுதான்: "இரவு போஜனம் வேண்டாம்; இன்சுலினைச் சற்று அதிகமாகவே போட்டுக்கொள்; காலையில் சர்க்கரை தெரியாது." பெரியவர் சொல்லைத் தட்டாத பெண் அவ்விதமே செய்தாள். காலை ஏழு மணிக்கு வரச்சொன்ன இடத்தில் பதினொரு மணி வரையில் ஒருவரும் கூப்பிடவில்லை. அவளுக்கு வியர்த்தது, கைகள் நடுங்கின, அருகிலிருந்தோர் பேசியது விளங்கவில்லை. சேவகர் ஒருவர் விஷயத்தை ஊகித்துச் சர்க்கரை மிகுந்த தேநீரைக் கொண்டுவந்து குடிக்கச் செய்யாமலிருந்தால் என்ன நேர்ந்திருக்குமென்று நினைக்கவும் அஞ்சுகிறோம். இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் நினைவு தப்பும், வலிப்பும் காணும், உயிருக்கே ஆபத்து. வைத்தியர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதி, அவளுடைய சொந்த வைத்தியரின் கடிதத்தோடு இரண்டு வாரங்கழித்து வரும்படி சொன்னார்.

நாம் செய்தது ஆபத்து மட்டுமன்று, பயனற்றதுங்கூட. ஓரிரவுப் பட்டினியால் ஏமாறாத பரிசோதனை ஒன்று உண்டு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழ்கிறது. அந்நாட்களில் இரத்தத்திலுள்ள சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி வெளிப்பட்டுவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவின் அடையாளம்.

பரிசோதிக்கும் வைத்தியர் அறிய வேண்டுவதுதான் என்ன? இந்தத் தேகம் இந்த வேலையை அபாயமின்றிச் செய்யுமா என்பதே. இந்திய ரயில்வேயில் வேலைகளை ஏ, பி, சி என்று வகுத்திருக்கின்றனர். முதல் வகுப்பில் பொதுஜனங்களின் பாதுகாப்பும், இரண்டாவதில் தொழிலாளியுடையவும் உடன் உழைப்போருடையவும் பாதுகாப்பும், மூன்றாவதில் நிர்வாகத்தின் தேவையுமே கருதப்படுகின்றன. ரயில் ஓட்டுவதற்குப் போதாத கண்பார்வை காரியாலயத்தில் கணக்கெழுதப் போதுமானதாக இருக்கலாம். வியாதியின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் கதவைச் சாத்தும் விதிகளும் சில உண்டு. அவை நியாயமென்று நாம் சொல்லோம். கேள்விகளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் படிவத்தில் பெண்களின் மாதவிலக்கு, கர்ப்பம் முதலியவற்றை விசாரித்திருந்த கேள்விகளை நீக்கும்படி சுப்ரீம் கோர்ட் 1991-இல் சொல்லிற்று. வேலைக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கலாகாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஊனமுற்றோர் உரிமைக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா முதலியன அடங்கும்; நீரிழிவு அவற்றில் இல்லை.

இனி, கடிதம் வந்த வீட்டில் செய்யத்தக்கவை. சொந்த வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். வியாதி எது, எப்பொழுது கண்டது, மருந்து எவ்வளவு, சமீபத்திய பரிசோதனைகளின் முடிவு என்ன, இந்த வேலையைச் செய்யத் தடையுண்டா என்பவை அதில் இருத்தல் வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்து, எடுப்பதானால் முதலில் தம்மை அழைக்கும்படி கேட்டுக்கொள்வதில் அவமானமொன்றுமில்லை. அன்றைய இன்சுலின் அளவை வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். பெரியப்பாவையும் மாமாவையும் கேட்டன்று. முதல் வகை நீரிழிவில் இன்சுலினை அறவே நிறுத்துவதும் பேராபத்தே. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு உண்பதாகையால், அதை விடவேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ளவர் இழுக்கும் மருந்தை மடியிலேயே வைத்திருக்கட்டும். இரத்த அழுத்தம் பார்க்குமுன் அரைமணி நேரம் காப்பியும் புகையும் ஆகா. ஐந்து நிமிஷம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். வைத்தியரைக் கண்ட பயத்தாலேயே அழுத்தம் உயர்வது சிலருக்குண்டு. இன்னொருமுறை அளக்கும்படி வேண்டலாம்.

படிவத்தில் கேட்டதற்கு மெய்யையே எழுதுங்கள். கேளாத கதையைச் சொல்லவேண்டியதில்லை. பொய் எழுதிக் கையொப்பமிட்டால், பல வருஷம் கழித்து அது வெளிப்பட்டாலும் உத்தியோகமே போகக்கூடும். இது தெரிந்தும் நம்மவர் மறைப்பதேன்? காரியாலயத்தில் தெரிந்தது நாளை சம்பந்தி வீட்டாருக்கும் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தால்தான். அந்த அச்சத்தைக் குறித்து ஒரு கூட்டம் முழுவதுமே பேசலாம், இன்று நேரமில்லை.

நம் பெண் இரண்டாம் முறை கடிதத்தோடும், கைப்பையில் வெல்லக்கட்டியோடும் சென்றாள். நாம் உடன் வருகிறோம் என்றதற்கு, வேண்டாமென்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். வைத்தியர் கடிதத்தை இருமுறை படித்து, எத்தனை ஊசி, எப்பொழுது போஜனம், சர்க்கரை தாழ்ந்தால் முதலில் என்ன தோன்றும் என்று விசாரித்து, தகுதியுண்டென்று எழுதினார். இப்பொழுது வேலையில் அமர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவளுடைய மேஜையின் வலப்புற இழுப்பறையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. அது அங்கிருப்பதைப் பக்கத்து மேஜைக்காரரும் அறிவார்.