ஜீம் – மீம் – ஐன்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஜமாஅத்தின் சிறப்பு' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தனித்துத் தொழுவதைவிடக் கூட்டாகத் தொழுவது இருபத்தேழு மடங்கு மேலானது என்பதை அறியாதவர் இச்சபையில் இல்லை. அதைச் சொல்வதற்கு என்னை வெளியூரிலிருந்து வரவழைத்திருக்க வேண்டியதும் இல்லை. நான் மதரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் நடத்தியே காலத்தைக் கழித்தவன். சொல்லைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு கைத்தொழில் அறியேன். ஆகவே 'ஜமாஅத்' என்னும் அந்தச் சொல்லையே பிரித்துப் பார்க்கிறேன். இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக ஒரு பொருள் இருப்பதையும் பார்த்தேன். சந்தா நிலுவையுள்ள குடும்பங்களைத் தலைக்கட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்குவது பற்றியது அது. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆயினும் சொல்லைப் பற்றிப் பேசும்போது அந்தப் பக்கமாகச் செல்லாமல் இருக்கவும் இயலாது.

அரபு மொழியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்றெழுத்து வேர் ஒன்று உண்டு. நம் சொல்லின் வேர் ஜீம், மீம், ஐன். 'ஜமஅ' என்றால் சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்த்தான் என்பது பொருள். மூன்றாவது எழுத்தாகிய ஐன் தொண்டையின் நடுவிலிருந்து வருவது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. அதனால்தான் நம் முன்னோர் 'ஜமாஅத்' என்று இடையில் ஓர் அகரத்தை நிறுத்தி எழுதினார்கள். இப்போது பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் அந்த அகரத்தைக் கைவிட்டு 'ஜமாத்' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் தகரம் ஒன்றே என்பதால் அதை 'ஜமாத்' என்றும் படிக்கலாம், 'ஜமாது' என்றும் படிக்கலாம். 'ஜமாது' வேறொரு வேரில் பிறந்தது. ஜீம், மீம், தால் என்பது அந்த வேர். உறைந்துபோனது, உயிரற்ற சடப்பொருள் என்பது அதன் பொருள். ஓர் ஐன் உதிர்ந்ததும் உயிருள்ள கூட்டம் கல்லாகிவிடுகிறது! எழுத்துப் பிழையைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. மாணவர்களுக்கு ஐனின் உச்சரிப்பைப் பழக்கும்போதெல்லாம் இந்த எடுத்துக்காட்டைத்தான் சொல்வேன்.

இவ்வேரின் கிளைகளில் சிலவற்றை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஜும்ஆ அவற்றுள் ஒன்று. இஸ்லாத்திற்கு முன் அரபிகள் அந்நாளை 'அரூபா' என்று அழைத்தனர். மக்கள் கூடும் நாள் ஆனதால் அது ஜும்ஆ ஆயிற்று. அது நிறைவேற எத்தனை பேர் வேண்டும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நாற்பது பேர். இமாம் அபூஹனீஃபா அவர்களிடத்தில் இமாமைத் தவிர்த்து மூவர். ஆனால் ஐவேளைத் தொழுகையின் ஜமாஅத்துக்கு இமாமும் பின்னால் நிற்கும் ஒருவருமாக இரண்டு பேர் போதும். எண்ணிக்கையின் பெருக்கம் ஜமாஅத்தின் உயிர் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜும்ஆ அத்தியாயத்தின் பத்தாவது வசனம், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுமாறு பணிக்கிறது. கூடச் சொன்ன இறைவனே கலையவும் சொல்கிறான்.

மக்களை ஒன்றுசேர்க்கும் பள்ளி 'ஜாமிஉ'. பல ஊர்களில் 'ஜாமியா மஸ்ஜித்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். 'மஸ்ஜித்' ஆண்பாற் சொல். அதற்கு 'ஜாமிஉ' என்பதே பொருந்தும். பெண்பால் வடிவமாகிய 'ஜாமிஆ' இன்று பல்கலைக்கழகத்தைக் குறிக்கிறது. கெய்ரோவில் இரண்டும் ஒரே பெயரில் உள்ளன. 970ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் ஜாமிஉல் அஸ்ஹர். அதிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகம் ஜாமிஅத்துல் அஸ்ஹர். 1945இல் உருவான அரபு நாடுகளின் கூட்டமைப்புக்கும் 'ஜாமிஆ' என்றே பெயர். சங்கம் 'ஜம்இய்யா', சமூகம் 'முஜ்தமஃ', கூட்டம் 'இஜ்திமாஃ'. ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுத முஸ்தலிஃபாவுக்கும் 'ஜம்உ' என்றொரு பெயர் உண்டு.

அரபியர் மூடிய கையையும் இவ்வேரால் குறிப்பர். ஐந்து விரல்களும் உள்ளங்கையோடு சேர்ந்து மடங்கிய நிலைக்கு 'ஜும்உல் கஃப்ஃபு' என்று பெயர். நம்மூரில் முஷ்டி என்கிறோம். விரல்கள் ஐந்தும் ஒரே நீளமல்ல. சிறுவிரலை வெளியே நீட்டிவிட்டு முஷ்டி மடக்கிப் பாருங்கள், புரியும்.

நஹ்வில் பன்மைக்கு 'ஜம்உ' என்று பெயர். அது இரு வகைப்படும். 'முஸ்லிம்' என்பது 'முஸ்லிமூன்' ஆகும்போது ஒருமைச் சொல் சிதையாமல் அப்படியே நிற்கிறது. இறுதியில் ஓர் அசை மட்டும் சேர்கிறது. இதற்கு 'ஜம்உ ஸாலிம்', அதாவது ஊனமுறாத பன்மை என்று பெயர். 'கிதாப்' என்பது 'குதுப்' ஆகும்போது உள்ளிருந்த அலிஃப் காணாமற்போகிறது, உயிர்க்குறிகளும் மாறிவிடுகின்றன. இது 'ஜம்உ முகஸ்ஸர்', உடைந்த பன்மை. இது வெறும் இலக்கணம். இதிலிருந்து சட்டம் எடுப்பாரில்லை. ஆயினும் பாடம் நடத்தும்போது மனம் சும்மா இருப்பதில்லை. ஒருவன் கூட்டத்தில் சேர்ந்த பின்னும் அவன் உரு சிதையாமல் இருக்கிறதா, அல்லது சேர்ப்பதற்காகவே அவனை உடைத்துவிட்டோமா என்று எண்ணிக்கொள்வேன்.

இனிப் பணத்துக்கு வருவோம். நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறதே, அதுவும் இவ்வேரின் பிள்ளைதான். 'ஜமா' என்பது திரண்ட தொகை, வரவு. 'பந்தி' பாரசீகச் சொல். கட்டுதல், வரையறுத்தல் என்று பொருள். சிறுவனாயிருந்தபோது அதை விருந்துப் பந்தி என்று எண்ணி, தந்தையாருடன் ஆவலாகச் சென்று ஏமாந்தவன் நான். ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளை அங்கே வரி வரியாகச் சரிபார்க்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை கணக்கைத் திறந்து காட்டும் வழக்கம் நல்ல வழக்கமே. இன்று நம் பொருளாளர் செய்ததும் அதுதான். ஆனால் இதே வினைச்சொல் திருக்குர்ஆனின் 104ஆம் அத்தியாயத்திலும் வருகிறது. அங்கே அது செல்வத்தைத் திரட்டித் திரட்டி எண்ணிப் பார்ப்பவனைப் பற்றிய எச்சரிக்கை. இமாம்களான ஹம்ஸா, கிஸாயீ, இப்னு ஆமிர் ஆகியோர் அதை 'ஜம்மஅ' என்று மீமை அழுத்தி ஓதுவர். அழுத்தி ஓதும்போது திரும்பத் திரும்பச் சேர்த்தான் என்ற பொருள் கூடுதலாகத் தொனிக்கும். ஆக, மனிதரைச் சேர்ப்பதற்கும் பணத்தைச் சேர்ப்பதற்கும் அரபியில் சொல் ஒன்றே.

சேர்ப்பதற்கு முன்மாதிரி வேண்டுமானால் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைத்தான் சொல்வேன். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானார்கள். உமர் (ரலி) அவர்களின் யோசனைப்படி, குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியைக் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அவரிடம் ஒப்படைத்தார்கள். அப்பணிக்கும் பெயர் 'ஜம்உ'தான். ஒரு மலையை இடம்பெயர்ப்பது இதைவிட எளிது என்று கருதி அவர் நடுங்கினார். பிறகு பேரீச்சை மட்டைகளிலிருந்தும் கற்களிலிருந்தும் மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். ஒன்றும் விடுபட்டுவிடக் கூடாதே என்பதுதான் அந்த நடுக்கத்தின் காரணம்.

இப்போது இவ்வேரின் நான்காம் வடிவத்துக்கு வருகிறேன். இதுவே நான் பேச விரும்பியது. 'அஜ்மஅ' என்றால் உறுதிகொண்டான், முடிவெடுத்தான் என்று பொருள். இதிலிருந்து பிறந்ததே 'இஜ்மாஃ'. அகராதியில் இதற்கு இரண்டு பொருள்கள். ஒன்று உறுதிகொள்ளல். இதைத் தனி மனிதன் ஒருவனே செய்யலாம். நோன்பின் நிய்யத்தை வைகறைக்கு முன்பே உறுதி செய்வது பற்றிய நபிமொழியில் இந்த வினையே வருகிறது. மற்றொன்று எல்லாரும் ஒருமித்து உடன்படுதல். மார்க்கச் சட்டத்தின் ஆதாரமாகிய இஜ்மாஃ என்பது, பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பின் ஒரு காலத்தின் முஜ்தஹிதுகள் அனைவரும் ஒரு மார்க்கத் தீர்ப்பில் உடன்படுவது. பொதுக்குழுவில் கை தூக்குவது அதுவல்ல. ஆனால் நாம் சில வேளைகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

பல்லாண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஆசிரியராக இருந்தபோது, தீர்மானப் புத்தகம் எழுதும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஓர் எல்லைத் தகராறில் ஜமாஅத்தின் தீர்ப்பை ஏற்காமல் ஒருவர் நீதிமன்றம் சென்றுவிட்டார். அவரை ஊரை விட்டே விலக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. பெரியவர் ஒருவர் எழுந்து, "அவ்வளவு தூரம் வேண்டாம், நிக்காஹ் தஃப்தரை மட்டும் நிறுத்தி வைப்போம்" என்றார். அனைவருக்கும் நிம்மதியாயிற்று. கருணை காட்டிவிட்டதாகவே நினைத்தோம். 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து என்று பாராட்டும் கிடைத்தது. இரண்டு மாதங்களில் அவருடைய மகளின் திருமணம் வெளியூர்ப் பள்ளியொன்றில், பத்துப் பேர் முன்னிலையில் நடந்தது.

அதே ஆண்டு மாணவர்களுக்கு யூசுஃப் அத்தியாயம் நடத்தினேன். பதினைந்தாம் வசனத்தில், யூசுஃப் (அலை) அவர்களை ஆழ்கிணற்றில் போடச் சகோதரர்கள் ஒருமித்து முடிவெடுத்த இடம் வந்தது. அங்குள்ள வினைச்சொல் 'அஜ்மஊ'. பாபு என்ன என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "இஃப்ஆல்" என்றான். பொருள் கேட்டேன். "ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்" என்றான். பத்தாம் வசனத்தில் ஒரு சகோதரர், கொல்ல வேண்டாம், கிணற்றில் போடுங்கள் என்று தணித்துச் சொல்லியிருக்கிறார். அங்கும் ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். அன்று அதற்கு மேல் எனக்குப் பாடம் ஓடவில்லை.

அவர்கள் அனைவரும் ஒரே தந்தையின் மக்கள். தங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் மிஞ்சாமல்தான் கிணற்றங்கரைக்குச் சென்றார்கள். வெளியே ஒன்றாகத் தோன்றி உள்ளங்கள் சிதறிக் கிடக்கும் கூட்டத்தைப் பற்றி ஹஷ்ர் அத்தியாயத்தின் பதினான்காம் வசனம் பேசுகிறது. இவர்கள் அதற்கும் மாறானவர்கள். இவர்களின் உள்ளங்களும் ஒன்றாகவே இருந்தன. ஒருமித்த முடிவு என்பதாலேயே அது நல்ல முடிவு ஆகிவிடவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தப் புத்தகத்தின் பக்கத்தைத் தலைவரிடம் காட்டி, தீர்மானத்தைத் திரும்பப் பெறுமாறு வேண்டினேன். இன்னொரு பொதுக்குழு கூட வேண்டும் என்றார். அது கூட ஒன்றரை ஆண்டு ஆயிற்று. திரும்பப் பெற்றார்கள். செய்தியை நானே அவர் வீட்டுக்குக் கொண்டு சென்றேன். தேநீர் வரவழைத்தார். மதரஸாவில் எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள் என்று விசாரித்தார். மகளைப் பற்றி நான் கேட்டதற்கு, "நலம்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

உங்கள் ஐந்தாவது பொருளில் பதினான்கு குடும்பங்கள் என்று கண்டேன். பெயர்கள் இல்லை, எண் மட்டுமே உள்ளது. என் வேண்டுகோள் ஒன்றுதான். முடிவெடுப்பதற்கு முன் அந்தப் பதினான்கு பெயர்களையும் இச்சபையில் வாசியுங்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். பாக்கிக்காரர் என்று பெயரை ஊரறிய வாசிப்பது இன்னொரு தண்டனை என்று இங்கே வரும் வழியில் தோன்றியது. எனவே மாற்றிக் கேட்கிறேன். நிர்வாகிகள் இருவர் இருவராகச் சென்று அந்தப் பதினான்கு வீடுகளின் கதவையும் தட்டுங்கள். ஏன் கட்டவில்லை என்பதை அவர்கள் வாயால் கேளுங்கள். அதன் பின் இப்பொருளை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வசதியிருந்தும் கட்டாதவர் இருக்கலாம். கட்ட இயலாமல், வந்து சொல்லவும் வெட்கப்பட்டு, ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று முதலில் வெளியேறுபவரும் இருக்கலாம். பதிவேட்டில் இருவருக்கும் ஒரே சிவப்புக் கோடுதான்.

நூர் அத்தியாயத்தின் 62ஆம் வசனத்தில் 'அம்ருன் ஜாமிஉ' என்றொரு தொடர் வருகிறது. அனைவருக்கும் பொதுவான காரியம் என்று பொருள். அத்தகைய காரியத்துக்காகக் கூடியிருக்கும்போது அனுமதி கேளாமல் எழுந்து செல்லலாகாது என்பது அங்கே கற்பிக்கப்படும் ஒழுக்கம். எனக்குக் கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு. தலைவர் அவர்கள் அனுமதித்தால் புறப்படுகிறேன். வஸ்ஸலாம்.