மருந்தடிப்பவர் ரத்தத்தில் ஒரு கணக்கு

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எஸ்டரேஸ் என்ற சொல்லைக் கேட்டதும், இது டாக்டர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று எழுந்து போய்விடாதீர்கள். இந்தச் சொல்லில் பாதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. பாலியெஸ்டர் நூல் ஓட்டுகிற ஆலைத் தோழர்களே, அந்தப் பெயரில் உள்ள எஸ்டர்தான் இது. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து, தண்ணீர் விலகி உண்டாகும் பொருளுக்கு ரசாயனத்தில் எஸ்டர் என்று பெயர். நாம் தாளிக்கும் நல்லெண்ணெய் எஸ்டர். வாழைப்பழத்தின் மணமும் எஸ்டர். தண்ணீரைச் சேர்த்து அந்தக் கட்டை மீண்டும் பிரித்துவிடுகிற வேலையாளுக்கு எஸ்டரேஸ் என்று பெயர். அது ஒரு நொதி, அதாவது என்சைம்.

உடம்பில் எஸ்டரேஸ்கள் பல. குடலில் எண்ணெயைப் பிரிப்பது ஒன்று. நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி: அசிட்டைல் கோலின் எஸ்டரேஸ். பெயர் நீளம்தான். ஆனால் பயிருக்கு மருந்தடிக்கும் தொழிலாளியின் மூச்சு அதை நம்பியிருக்கிறது.

கை அசைய வேண்டுமென்றால், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல் கோலின் சுரந்து தசைக்குச் செய்தி சொல்கிறது. நரம்பு இப்படி ரசாயனப் பொருளைக் கொண்டு பேசுகிறது என்பதை 1921இல் தவளையின் இருதயத்தை வைத்து நிரூபித்தவர் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி. 1936இல் ஹென்றி டேல் என்பவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செய்தி சொன்னால் மட்டும் போதுமா? மடையைத் திறந்தவன் நேரத்தில் அடைக்காவிட்டால் பயிர் என்னவாகும்? அடைக்கிற வேலை எஸ்டரேஸினுடையது. ஒரே ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல் கோலினைப் பிரித்துத் தள்ளுகிறது.

அதே 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஐ.ஜி. பார்பன் கம்பெனியில் வேலை பார்த்த ஷ்ராடர் என்ற ரசாயனி, பூச்சி மருந்து தேடப் போய் டாபுன் என்ற நச்சுப் பொருளைக் கண்டார். ஹிட்லரின் ராணுவம் அதை யுத்த ஆயுதமாக எடுத்துக்கொண்டது. பாரதியான் என்ற பூச்சிக்கொல்லியைக் கண்டவரும் அவரே. மானோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் ஆகியவை எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். மனிதனைக் கொல்லும் குண்டுக்கும் புழுவைக் கொல்லும் டப்பாவுக்கும் வேலை ஒன்றே. எஸ்டரேஸின் கையில் போய் ஒட்டிக்கொண்டு, அதை வேலை செய்யவிடாமல் முடக்குவது.

மடை அடைபடாவிட்டால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சிலும் வியர்வையும் கண்ணீரும் கொட்டும். வாந்தி, பேதி, தசைத் துடிப்பு. நெஞ்சில் சளி கட்டி மூச்சு நிற்கும். குடித்தால்தான் விஷம் என்பது தவறு. தோல் வழியாகவும் ஏறும். முதுகில் டாங்கி ஒழுகிச் சட்டை நனைந்தால் அதுவே போதும். அப்போது சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டாக்டர் அட்ரோபின் ஊசி போடுவார். ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டென்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதன் அளவு யார் கைக்கும் அடங்காது, ஆளையே கொல்லும்.

1958இல் கேரளத்தில் பாரதியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது 1968இல். 2013இல் பீகாரில் மதிய உணவில் மானோகுரோட்டோபாஸ் கலந்து 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளுமாக இருபது பேருக்கு மேல் செத்தார்கள். ஜாக்கிரதையாக இல்லை என்று செத்தவன்மீதே பழி போடுவது சுலபம். அவன் ரத்தத்தில் எஸ்டரேஸ் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று முன்கூட்டியே யாராவது பார்த்தார்களா?

தோழர்களே, பார்க்க முடியும். சிவப்பணுவிலும் இந்த நொதி உண்டு. ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும். 1971ஆம் ஆண்டு விதிகள், இந்த மருந்தை உற்பத்தி செய்யும் தொழிற்சாலையில் உள்ளவருக்கு மாதாமாதம் இந்தப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. தெளிப்பவருக்கோ, டாக்டர் அவசியம் என்று கருதினால் செய்யலாம் என்பதோடு சரி. இன்று ஒருவர் வயலில், நாளை இன்னொருவர் வயலில் என்று தினக்கூலிக்குத் தெளிப்பவரை எந்த டாக்டரிடம் யார் அழைத்துப் போவது? டப்பாவில் அடைப்பவனுக்கு ஒரு நியாயம், டப்பாவைத் திறப்பவனுக்கு ஒரு நியாயமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1974 முதல் கலக்கித் தெளிப்பவர்களுக்கே இந்தப் பரிசோதனை உண்டு. அளவு ஆரம்பக் கணக்கில் 80 சதத்துக்குக் கீழே இறங்கினால் முதலாளி வேலை முறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணுவில் 70 சதத்துக்கோ, ரத்த நீரில் 60 சதத்துக்கோ இறங்கினால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். 80 சதம் திரும்பிய பிறகுதான் மறுபடி சேர்க்கலாம். சிவப்பணுவில் இழந்தது திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

ஆரம்பக் கணக்கு என்றேனே, அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் சாதாரணமாக இருப்பது இன்னொருவருக்குப் பாதியாக இறங்கிய நிலையாக இருக்கலாம். ஆகவே சங்கம் இந்தப் பரிசோதனையைக் கேட்கும்போது, மயங்கி விழுந்த பிறகு எடுப்பதை மட்டும் கேட்டால் போதாது. கடைசியாகத் தெளித்து ஒரு மாதமாவது ஆன பின்பு, அடுத்த பருவத்தின் முதல் டப்பாவைத் திறக்கும் முன்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை ரத்தம் எடுத்து எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.