பால் கட்டினால் பொறுத்துக்கொண்டு நிற்காதீர்கள்



பேறுகால லீவு முடிந்து மலைக்குப் போனதும் பால் கட்டும். பொறுத்துக்கொண்டே கொழுந்தெடுத்தால் வலியும் காய்ச்சலும் வரலாம், பாலும் குறையும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இளஞ்சூட்டுத் துணியால் ஒத்தி, மார்பைக் காம்புப் பக்கமாக மெதுவாகத் தடவுங்கள். கருவட்டத்தின் ஓரத்தில் விரல்களை வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்திப் பிதுக்குங்கள். அந்தப் பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி, 4 மணித்தியாலத்துக்குள் கோப்பையால் ஊட்டலாம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க 9 மணித்தியால வேலையில் 2 இடைவேளைகள் உண்டு. பிள்ளைமடுவம் இருந்தால் தலா 30 நிமிடம். இல்லாவிட்டால் தலா 1 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் வேறு. கங்காணி மறுத்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். இது யாரும் போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை.