தொடுதலும் தொழுநோயும்

 

மருத்துவ ஆராய்ச்சி பற்றிப் பேசுமாறு இளைஞர்கள் கேட்டபோது நான் தயங்காமல் தேர்ந்தெடுத்தது தொழுநோயை. வெள்ளி விழா மேடையில் இந்தப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். "தொடாதே" என்னும் சொல்லின் சூட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நாம். அதே சொல்லால் சுடப்பட்ட மற்றொரு கூட்டத்தார் தொழுநோயாளிகள். இரண்டு சூட்டையும் ஒரே உடம்பில் தாங்கியவர்களும் நம்மில் இருந்தார்கள்.

என் பெரியம்மா அவர்களுள் ஒருவர். முன்கையில் வெளிறிய படை ஒன்று தோன்றியது. தேமல் என்று எண்ணெய் தடவினார்கள். மகள் கல்யாணம் முடியட்டும் என்று மறைத்தார்கள். அடுப்பில் விரல் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அதற்குள் இரண்டு விரல்கள் மடங்கிவிட்டன.

இந்நோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹேன்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டார். அது உடம்பைவிட்டு எவ்வழியாக வெளியேறுகிறது? புண்ணைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. டேவி, ரீஸ் என்னும் இரு மருத்துவர்கள் நோயாளிகளின் மூக்குச் சளியைச் சேகரித்து, அதிலுள்ள கிருமிகளை எண்ணி, 1974இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பெறாத கடும் நோயாளியின் மூக்கிலிருந்து ஒரு நாளில் ஒரு கோடி அளவுக்குக் கிருமிகள் வெளியேறலாம் என்று தெரிந்தது. காயமில்லாத தோலின் மேலோ அவை காண்பதற்கு அரியவை. தோல் நோய் என்று எல்லோரும் தோலையே பார்த்துக்கொண்டிருக்க, கிருமி மூக்கு வழியே போய்க்கொண்டிருந்தது! மேலும், மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கையைக் குலுக்குவதால் வருவதன்று இந்நோய்.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு ஒன்று ஆவடியில் இயங்கிவந்தது. தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டு அறியும் பெரும் சோதனையை அது 1991 ஜனவரியில் தொடங்கியது. டாக்டர் எம். டி. குப்தே தலைமை தாங்கினார். தகுதியுடையவராகக் காணப்பட்டோர் ஏறத்தாழ 2,16,000 பேர். அவர்களுள் 1,71,400 பேர் தாமே முன்வந்து கை நீட்டினார்கள். சிலருக்கு நான்கு வகைத் தடுப்பூசிகளுள் ஒன்று. சிலருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னர் படையைப் பார்த்துக் கணக்கிடும்போது, "இவர் மருந்து பெற்றவர்" என்ற எண்ணம் கண்ணை மயக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

உப்பு நீரை ஏற்றுவது ஏமாற்று அல்லவா, நம்மைச் சோதனை எலிகளாக்குவது அல்லவா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. உப்பு நீர் பெற்றவர்கள் இல்லையேல் ஒப்பிட ஆளில்லை. தடுப்பூசி பயன் தந்ததா என்று சொல்லவே முடியாது. ஆனால் அதைக் கை நீட்டுகிறவருக்கு அவருடைய மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். விளக்குகிறவர் நம் தெருப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நன்றாக விளங்கும் என்பது என் எண்ணம்.

1998இல் முடிவு வெளிவந்தது. பம்பாயில் உருவான ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 விழுக்காடும், பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி சேர்ந்தது 64 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தன. பி.சி.ஜி. மட்டும் 34.1, எம்.டபிள்யூ. 25.7. அக்களப்பிரிவு 1999இல் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு இணைந்தது. அந்நிறுவனம் இருப்பது வேறெங்குமில்லை, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில். பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதன் வாயிலைக் கண்டிருக்கிறோம்?

நோயைக் குறைத்ததில் பெரும்பங்கு 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்கே உரியது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் ஆற்றல் பெரிதும் அடங்கிவிடுகிறது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகளும் 2019இல் நீக்கப்பட்டன. மடங்கிய விரலை மட்டும் மாத்திரை நிமிர்த்தாது. அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். ஆகவேதான் முன்னதாகப் போக வேண்டும் என்கிறேன்.

உணர்ச்சியற்ற படை, தடித்த காது மடல், நெடுநாள் மூக்கடைப்போடு இரத்தம் தோய்ந்த பொருக்கு, இவற்றுள் எதுவாயினும் காட்டிவிடுங்கள். பெரியம்மாவின் பேத்திக்கும் முதுகில் ஒரு படை வந்தது. அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஆறு மாதம் மாத்திரை உண்டாள். அவளுடைய பத்து விரல்களும் நேராக இருக்கின்றன. இவ்விழாவின் அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதியவள் அவள்தான்.