வாய் பேசாத பொம்மைகளும் இரத்தத் தூய்மையும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் மேடையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டுப் பிள்ளைகள் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் கதை கேட்கும் இடம் இப்போது அதுதான். அங்கே என்ன கதை ஓடுகிறது என்று பார்ப்பது நம் வேலையில் ஒரு பகுதி.

நான் எடுத்துக்கொண்டது 'லெகோ ஹாரி பாட்டர்'. இங்கிலாந்தைச் சேர்ந்த டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் உருவாக்க, வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. முதல் நான்கு ஆண்டுகளின் கதை 2010இல் வந்தது, மீதி 2011இல். பிறகு இரண்டையும் சேர்த்து, ரீமாஸ்டர் செய்து, 2016இல் பிளேஸ்டேஷன் 4க்கும், 2018இல் நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். ரீமாஸ்டர் என்றால் படம் துல்லியமாகும், வெளிச்சம் கூடும், சுவரும் தரையும் பளபளக்கும். கதை அப்படியே இருக்கும்.

ஜே.கே. ரௌலிங் திருநர் உரிமை குறித்து எடுத்துவரும் நிலைப்பாட்டை எதிர்த்து, இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க மாட்டோம் என்று முடிவெடுத்த தோழர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த முடிவை மதிக்கிறேன். ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட விளையாட்டைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

மூலக்கதை எதைப் பற்றியது? பிறப்பைப் பற்றியது. மந்திரவாதக் குடும்பத்திலேயே பிறந்தவர்கள் 'தூய இரத்தம்'. மந்திரம் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர்களை 'சேற்று இரத்தம்' என்று ஏசுவார்கள். ஹெர்மியோனியின் பெற்றோர் பல் மருத்துவர்கள். வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளைத்தான் மால்ஃபாய் அந்தச் சொல்லால் அடிக்கிறான். மதிப்பெண் எவ்வளவு வாங்கினாலும் பிறப்பு துரத்தும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை.

பிளாக் குடும்பத்து வீட்டுச் சுவரில் வம்சாவளி நெய்த பெரிய திரைச்சீலை ஒன்று தொங்கும். ஆண்ட்ரோமீடா என்ற பெண், மந்திரம் அறியாத குடும்பத்தில் பிறந்த ஒருவனை மணந்தாள் என்பதற்காக அவள் பெயரை அதில் பொசுக்கிவிட்டார்கள். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ஆய்வுரையில் சொன்னார். அந்தத் திரைச்சீலையைப் பார்க்கும்போது நமக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இங்கே பெயரோடு நிறுத்துவதில்லை, ஆளையே பொசுக்குகிறார்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். இதில் பொம்மைகள் பேசாது. முனகும், கையை ஆட்டும், கண்ணை உருட்டும். எல்லாம் சிரிப்பு. பேச்சே இல்லாததால் அந்த வசைச்சொல்லும் இல்லை. யார் விழுந்தாலும் துண்டு துண்டாகச் சிதறி மறுநொடி எழுந்துவிடுவார்கள். சேர்த்து வைத்த நாணயத்தைக் கொடுத்தால், ஹெர்மியோனியை ஒழிக்க நினைக்கும் கூட்டத்து லூசியஸ் மால்ஃபாயையும் தையல் கடையில் விலைக்கு வாங்கலாம். ஒடுக்குபவரும் ஒடுக்கப்படுபவரும் ஒரே பிளாஸ்டிக் பொம்மைகள்.

"நல்லதுதானே, குழந்தைகளுக்கு அந்த அசிங்கம் எதற்கு?" என்று கேட்பார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். சொல் போய்விட்டது, அடுக்கு போகவில்லை. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. டாபி என்ற எல்ஃப் திரையில் வந்தபோது, "இவன் மட்டும் ஏன் சித்தி கிழிஞ்ச துணி போட்டிருக்கான்?" என்று கேட்டாள். அதற்கு விளையாட்டில் பதில் கிடையாது. எல்ஃப்கள் பிறப்பாலேயே அடிமைகள், எசமான் துணி கொடுத்தால்தான் விடுதலை என்பது கதையின் சட்டம். நாவலில் ஹெர்மியோனி எல்ஃப்களுக்காக ஓர் அமைப்பே தொடங்குகிறாள். அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்லி நண்பர்களே கேலி செய்கிறார்கள். அந்த அமைப்பைத் திரைப்படங்கள் விட்டுவிட்டன. படங்களின் வழியே வந்த விளையாட்டுக்கு மிஞ்சியது கிழிந்த துணி மட்டும்தான்.

நம் வீடுகளில் சாதி எப்படிக் கற்பிக்கப்படுகிறது? பெரும்பாலும் வாய் திறக்காமல்தான். யாருக்கு எந்த டம்ளர், யார் திண்ணையோடு நிற்க வேண்டும், எந்த நண்பன் வந்தால் அம்மாவின் முகம் மாறும். ஒரு வசைச்சொல்கூடக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை, "எங்க வீட்ல சாதியே பாக்க மாட்டாங்க" என்று கல்லூரியில் வந்து சொல்கிறது. சைகையில் கற்ற பாடம் பாடமென்றே தெரியாது. அதனால்தான் வசையை மட்டும் துடைத்துவிட்டு அடுக்கை அப்படியே காட்டும் எதைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம் வருகிறது.

மூல நாவல் மட்டும் குறைவற்றது என்று சொல்லவில்லை. ஒரு வில்லனை வீழ்த்தினால் கொடுமை முடிந்துவிடும் என்று அது நம்புகிறது. போர் முடிந்த பிறகு, கிரீச்சர் என்ற எல்ஃப் தனக்கு சாண்ட்விச் கொண்டுவருமா என்றுதான் ஹாரி யோசிக்கிறான். வோல்டமார்ட் செத்தும் எல்ஃப் அடுப்படியிலேயே இருக்கிறது. சாதிக்கு அப்படிக் கொன்று முடிக்க ஒரு வோல்டமார்ட் கிடையாது. அது நல்லவர்களின் சமையலறையிலும் நடக்கும்.

ஆனாலும் இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தவை இரண்டு உண்டு. கதையாக ஆடும்போது யார் எதைத் திறக்கலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு. சில பூட்டுகள் இருள் மந்திரம் தெரிந்த பாத்திரத்துக்கு மட்டும். சில சங்கிலிகளை ஹாக்ரிட் மாதிரி பலசாலிதான் இழுக்க முடியும். ஒரு கட்டத்தை முடித்துவிட்டு 'ஃப்ரீ ப்ளே'யில் திரும்பி வந்தால், ஒரு பொத்தானில் யாராகவும் மாறலாம், மூடிய கதவெல்லாம் திறக்கும். யாரும் எங்கும் நுழையலாம் என்ற உணர்வு ஒரு குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது, இதை இருவர் சேர்ந்து ஆடலாம். எந்த நேரத்திலும் இன்னொருவர் உள்ளே வரலாம்.

தோழர்களே, அந்த இன்னொருவராக நாம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பொம்மைகள் பேசாததால் பேசுகிற வேலை பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறது. அக்கா மகளிடம் நான் சொன்னேன்: "அவங்க சம்பளமே வாங்காம வேலை செய்யறாங்க. பொறந்ததிலேர்ந்தே அப்படின்னு ஒரு சட்டம் வெச்சிருக்காங்க." அவள் அடுத்துக் கேட்டாள்: "யார் வெச்சாங்க?"

பிடுங்கி வைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. உங்கள் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகளோடு அரைமணி நேரம் உட்காருங்கள். "யார் வெச்சாங்க?" என்று அவர்கள் கேட்கும்போது, நம்மிடம் பதில் இருக்கிறது.