“மனசிலாச்சா மக்களே?”



தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் போற்றும் நினைவுச் சொற்பொழிவு இது. அதனால் கல்விக் கொள்கைகளைப் பற்றி அதிகம் பேசாமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேச விரும்புகிறேன். பாடம் முடிந்ததும் ஆசிரியர்களாகிய நாம் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்விதான் இன்றைய பொருள்.

“மனசிலாச்சா மக்களே?” என்று கேட்கிறோம். “ஆச்சு டீச்சர்!” என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்கிறது. நாமும் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. விளங்கிவிட்டது என்றுதான் அவர்கள் நம்புகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தாமும் தம் குழுவினரும் முன்பு செய்த சோதனையைக் குறிப்பிடுகிறார். சிலவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எல்லாம் நன்றாக நினைவில் நின்றுவிட்டது என்று தோன்றும்வரை படிக்கச் சொன்னார்கள். பெரிய பிள்ளைகள் கொஞ்ச நேரம் படித்துவிட்டு “தயார்” என்றார்கள். பெரும்பாலும் பிழையின்றி ஒப்பித்தார்கள். சின்னப் பிள்ளைகளும் “தயார்” என்றார்கள். கேட்டபோது பலவற்றை விட்டுவிட்டார்கள். தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறியும் திறன் வயதோடு மெல்ல வளர்கிறது. எழுத்தையும் எண்ணையும் போல அதையும் உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே என் கட்சி.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 503-இலிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும். பிள்ளை 375 என்று எழுதுகிறது. எட்டில் மூன்று போக ஐந்து, ஏழில் பூஜ்யம் போக ஏழு, ஐந்தில் இரண்டு போக மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இது கவனக்குறைவால் வந்த பிழை இல்லை. பிள்ளை தானாக ஒரு விதியை உண்டாக்கி, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. நாம் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 225 என்று எழுதிக் கொடுத்தால், பிள்ளை அந்த 225-ஐப் பார்த்து எழுதிக்கொள்ளும். விதி அப்படியே இருக்கும். நாளை 604-இலும் அதே பிழை வரும்.

மாறாக, “மக்ளே, வந்த விடையோட 278-ஐத் திரும்பக் கூட்டிப் பாரு” என்று சொல்லுங்கள். 375-உம் 278-உம் சேர்ந்தால் 653. மேலே இருந்ததோ 503. அந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். தவறு என்று வாத்தியார் சொல்லவில்லை, கணக்கே சொல்லிவிட்டது. இனி எங்கே பிசகியது என்று பிள்ளை தானே தேடும். “பூஜ்யத்துகிட்ட கடன் வாங்க ஒண்ணுமில்ல சார், அதான் திருப்பிக் கழிச்சேன்” என்று சொல்லும். அந்த ஒரு வாக்கியத்தில் அதன் குழப்பம் முழுவதும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. எத்தனை தேர்வு வைத்தாலும் இவ்வளவு துல்லியமாகத் தெரியவராது.

தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கக் கற்பதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நம் கடற்கரை ஊர்களில் வலை பின்னத் தெரிந்தவர் அருகே ஒரு பிள்ளை உட்கார்ந்தால், அறுந்த கண்ணியை விரலால் தடவிக் கண்டுபிடிப்பதைத்தான் முதலில் கற்கிறது. எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியாதவன் கையில் வலை ஊசி இருந்து என்ன பயன்?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில், பிள்ளை தன் நிலையைத் தானே அறிய வேண்டும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் சுவரிலேயே தொங்கியது. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு உந்துசக்தியாக இருந்தார். 2007–08-இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. நம் கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளும் அதைக் கண்டவைதான்.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்று இங்கிருக்கும் பலருக்கு நினைவிருக்கும். சுவரில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படி, அதில் சின்னச் சின்னப் படங்கள். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவி வேண்டுமா, கூடப் படிப்பவரின் உதவி போதுமா, தனியாகச் செய்ய முடியுமா என்பதைப் பொறுத்துக் குழு மாறும். வருகையைக்கூடப் பிள்ளைகளே பதிந்தார்கள். கைக்கெட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓர் இடம் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை “நான் இதுவரைக்கும் வந்திருக்கேன், அடுத்தது இது” என்று விரல் வைத்துக் காட்டியது சாதாரணச் செய்தியா?

குறைகளும் இருந்தன. கற்பதைவிட அட்டையை முடிப்பதே பெரிதாகிவிட்டது என்று வருந்திய ஆசிரியர்கள் உண்டு. பதிவேடுகள் பெருகின. ஆனாலும் பிள்ளையின் கையில் அதன் படிப்பின் வரைபடத்தைக் கொடுத்தது பெரிய காரியம். பின்னர் வந்த திட்டங்களில் அதை நாம் போதிய அளவு காப்பாற்றவில்லை என்பது என் கருத்து. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. மதிப்பீடு ஆசிரியரின் கைபேசிச் செயலி வழியாக மேலே போகிறது. போகட்டும், தேவைதான். ஆனால் தான் மொட்டு என்று மட்டும் அறிந்த பிள்ளைக்கு என்ன விளங்கும்? உயிர்மெய் எழுத்துகளில் எது தடுக்கிறது, எந்தச் சொல்லில் நாக்கு நிற்கிறது என்றல்லவா அதற்குத் தெரிய வேண்டும்?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுவதற்கும் இடம் வேண்டும் என்கிறது. நல்லதுதான். எனக்குள்ள அச்சம், அதுவும் இன்னொரு படிவமாகிவிடுமோ என்பதே. சிரிக்கும் முகம், அழும் முகம் என்று படம் போட்டு, உனக்குப் பொருந்துவதற்கு வண்ணம் தீட்டு என்றால் எல்லாப் பிள்ளையும் சிரிக்கும் முகத்துக்கே வண்ணம் தீட்டும். “இன்று நான் கற்றது” என்று கரும்பலகையில் ஆசிரியர் எழுத, நாற்பது பேரும் பார்த்து எழுதினால் அது கையெழுத்துப் பயிற்சி.

செய்ய வேண்டியது மிக எளிது, காசு செலவில்லை. நோட்டைத் திருத்தக் கொடுக்கும் முன், சந்தேகமாக இருக்கும் கணக்கின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். திருத்தியபின், புள்ளி வைத்த இடமும் பிழை வந்த இடமும் பொருந்துகின்றனவா என்று பிள்ளையே பார்க்கட்டும். பிழை இருந்தும் புள்ளி இல்லாத கணக்கு எதுவோ, அதைப் பற்றித்தான் நீங்கள் அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும். முதல் வாரம் ஒருவரும் புள்ளி வைக்க மாட்டார்கள். புள்ளி வைத்தால் அடி விழுமோ என்ற பயம் இருக்கும். புள்ளி வைத்த பிள்ளையைப் பாராட்டிப் பாருங்கள், பிறகு தெரியும்.

இன்னொன்று: பிள்ளை தன் படிப்பைப் பற்றித் தன் பேச்சிலேயே பேசட்டும். விளவங்கோட்டுப் பிள்ளைக்கு ஒரு பேச்சு, தோவாளைப் பிள்ளைக்கு ஒரு பேச்சு. சிந்தனை ஓடும்போது இலக்கணம் திருத்தினால் சிந்தனை நின்றுவிடும். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளின் வாயில் எளிதாக வரும் சொற்களில் அவர் பாடியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது நம் மாவட்டம். ஆனால் பெருமைப்படும் வீடுகளிலும் மாலையில் கேட்கப்படுவது “எத்தனை மார்க்கு?” என்பதே. அதற்குப் பதிலாக “இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு? பெறகு என்ன செஞ்ச?” என்று கேட்கலாம். திட்டாமல் கேட்பதே முக்கியம்.

கடைசியாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறும் தொடக்கப் பள்ளி மாணவருக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து இரண்டாவதாக ஒரு பரிசும் சேர்க்க வேண்டும். வகுப்பில் யாருடைய நோட்டில் பிழையைத் தானே கண்டு, அடித்து, பக்கத்தில் ஏன் பிசகியது என்று சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதியிருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்தந்த வகுப்பு ஆசிரியரிடமே விடுங்கள். மேடையில் பரிசு வாங்கும்போது, அடித்துத் திருத்திய அந்தப் பக்கத்தையே எல்லாரும் பார்க்கும்படி பிள்ளை தூக்கிக் காட்டட்டும்.