வாயிற்படியில் நிற்கும் தானம்

 

தானம் நால்வகைத்து என்பது சமண மரபு: ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம். கல்வியை வழங்குவது சாத்திரதானம். கொடுப்போர் கொடுத்த பின்னும், பெறுவோர் வாயிற்படியிலேயே தடுக்கப்பட்டு நின்றால் அத்தானம் நிறைவுறுமோ? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டின் வரலாறு ஒன்று விடை தருகின்றது.

இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்த வீரர் பலர், புதிய மருந்துகளால் உயிர் பிழைத்தனர். முந்தைய போர்களில் இத்தகையோர் பெரும்பாலும் மாண்டுபோயினர். உடற்குறையுற்ற வீரர் தொழிற்பயிற்சியும் கல்வியும் பெற 1943இலும், போரிலிருந்து மீண்டோர் பொதுவாகக் கல்லூரியில் பயில 1944இலும் அந்நாடு சட்டங்கள் இயற்றியது. கட்டணம் கிடைத்தது, நூல்கள் கிடைத்தன, உதவித்தொகையும் கிடைத்தது. ஆயினும் கல்லூரிகளின் முன்னே படிக்கட்டுகள் நின்றன.

இல்லினாய்ஸ் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் நகரில், போர்க்கால இராணுவ மருத்துவமனையொன்று பல்கலைக்கழகக் கிளையாக மாற்றப்பட்டிருந்தது. நோயாளிகளுக்கெனக் கட்டிய இடமாதலால் சக்கர நாற்காலி அங்கே தடையின்றிச் சென்றது. போர்ப்பணி புரிந்து திரும்பிய திமோத்தி நியூஜெண்ட், 1948இல் அங்கே மாற்றுத்திறன் மாணவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அக்கிளை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மாணவர்கள் வாளாவிருக்கவில்லை. மாநிலத் தலைநகர் சென்று முறையிட்டனர்; தலைமை வளாகமான அர்பானாவுக்குச் சென்று, படிகளின்மேல் பலகைகளைச் சாய்த்துத் தம் நாற்காலிகளை ஏற்றிக் காட்டினர். 1949இல் சோதனை முறையில் அங்கே இடம் கிடைத்தது.

நியூஜெண்ட் இரக்கத்தை ஊட்டவில்லை. தம்மால் இயன்றதைத் தாமே செய்தல் வேண்டும் என்று மாணவர்களைப் பழக்கினார். அவர்களால் இயலாததாகிய படியை மட்டும் அகற்ற முயன்றார். சாய்தளங்கள் எழுந்தன. நாற்காலியோடு ஏற்றும் தூக்கி பொருத்திய பேருந்துகள் ஓடின. அங்கே நிகழ்ந்த ஆய்வின் பயனாக 1961இல் கட்டட நெறிமுறை வெளியாயிற்று: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், 32 அங்குலத்துக்குக் குறையாத வாயில் அகலம். வீரர்க்கென எழுந்த வழியில் இளம்பிள்ளைவாதம் தாக்கிய மாணவரும் ஏறினர்.

அஹிம்சையைப் பரம தருமமாகக் கொண்டோர் போரை விரும்புவதில்லை. எனினும் ஹிம்சையை வெறுப்பது வேறு. அதனால் நலிந்தவரை மறப்பது வேறு. கல்விக்குப் பொருள் வழங்கும் சமண இல்லறத்தார், தம் பாடசாலை, நூலகம், விழா மண்டபம் ஆகியவற்றின் வாயிலில் நின்று ஒருமுறை அளந்து பார்ப்பாராக. படி ஓரடி உயரமாயின், வேண்டுவது பன்னிரண்டு அடிச் சாய்தளமே. அது அமைந்த நாளில் சாத்திரதானம் படியைக் கடந்து உள்ளே செல்லும்.

வாழ்க அறம்! வளர்க நல்ஞானம்!